கணக்கு அலுவலகம் சென்ற விஞ்ஞானி

மாலை வேளையில் நம் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. பனிமய மாதா பேராலயத்தின் மணியோசை காற்றில் மிதந்து வரும். தோணிகள் கரை திரும்பும். தொலைவில் துறைமுகத்திற்கு வரும் கப்பல்கள் விளக்கேற்றி நிற்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலக்கடல் விரிந்து கிடக்கும். இந்தக் கடல்தான் நம் ஊருக்கு முத்து நகர் என்னும் அழகிய பெயரை வாங்கித் தந்தது. கொற்கைப் பாண்டியர் காலம் தொட்டே இங்கு முத்துக் குளித்தார்கள் என்பதை நாம் சிறு வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம்.

ஆனால், முத்துக்குளித்தல் என்பது அரசாங்கக் கணக்கு வேலையும்கூட என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துச் சலாபம் அரசின் உடைமையாக இருந்தது. குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிச் சிப்பிகளை அள்ளி வருவார்கள். கரை சேர்ந்ததும் ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கை எண்ணி, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலப்பணம் அரசின் வருவாயில் சேரும். பல ஆண்டுகள் சிப்பியே கிடைக்காமல் போவதும் உண்டு. அந்த ஆண்டுகளில் வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கும். மூச்சடக்கி முத்தெடுத்தவர் குளியாள். அவர் பங்கு குறையாமலும் அரசின் பங்கு குறையாமலும் இருக்க, கரையில் ஒருவர் நேர்மையாகக் கணக்கு எழுதியாக வேண்டும். நம் கடலில் 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அந்தக் கணக்கரின் வேலை மட்டும் இன்றும் ஓயவில்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்வி எங்கள் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. நல்ல மதிப்பெண் பெறுகிறவள் அறிவியல் பிரிவில்தான் சேரவேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. நான் கணக்குப் பதிவியல் படித்து அரசாங்கக் கணக்குத் துறையில் பணியாற்ற விரும்புகிறேன் என்று சொன்னபோது தோழியர் சிலர் சிரித்தார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரு வாழ்க்கையா என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் நூலகத்தில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். அவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் ஒரு கணக்கு அதிகாரியாக அறிந்திருக்க மாட்டீர்கள்.

அவர்தான் சர் சி. வி. இராமன்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாள் நாம் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுகிறோமே, அது இவருடைய கண்டுபிடிப்பின் நினைவாகத்தான். விஞ்ஞானத்திற்கான நோபல் பரிசை ஆசியாவிலேயே முதன்முதலாகப் பெற்ற இந்தப் பெருமகனார், 1907 முதல் 1917 வரை பத்து ஆண்டுகள் அரசாங்கக் கணக்குத் துறையில் முழுநேர அதிகாரியாக இருந்தவர்!

இளமையும் கல்வியும்

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இவர் இரண்டாமவர். தந்தையாருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியப் பணி கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. அங்குள்ள புனித அலோசியஸ் பள்ளியில் இராமன் பயின்றார். கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா?

பதினோரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறிய இந்தச் சிறுவர், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் பி.ஏ. பட்டத்தை முதலிடத்தில் பெற்றார். இயற்பியலிலும் ஆங்கிலத்திலும் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. பதினெட்டு வயது நிரம்பிய 1906 நவம்பரில், ஒளியைப் பற்றிய இவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞான இதழ் ஒன்றில் வெளியாயிற்று. 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

இத்தகைய மாணவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதுதானே முறை? பேராசிரியரும் அதையே விரும்பினார். ஆனால் இராமனின் உடல் மெலிந்தது. பரிசோதித்த மருத்துவர், அந்நாட்டுக் குளிரை இவர் தாங்கமாட்டார் என்று தடுத்துவிட்டார். இந்தியாவிலோ அக்காலத்தில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டு வாழ வழியில்லை. ஐ.சி.எஸ். தேர்வு எழுதலாம் என்றால், 1922 வரை அந்தத் தேர்வு இலண்டனில் மட்டுமே நடந்தது. கப்பல் ஏற முடியாதவருக்கு அந்தக் கதவும் அடைபட்டது.

திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று. அதுதான் இந்திய நிதிப் பணி. இவருடைய அண்ணன் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே அப்பணியில் சேர்ந்திருந்தார். தம்பியும் அவ்வழியே சென்றார். இயற்பியல் மாணவரான இராமன் வரலாறு, பொருளாதாரம் முதலிய பாடங்களைப் புதிதாகப் படித்துத் தேர்வு எழுதினார். முடிவு வந்தபோது முதலிடம் அவருக்கே! அதே ஆண்டில் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, 1907 சூன் மாதம் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டுத்தான்.

அந்த அலுவலகத்தில் என்ன வேலை?

அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தை நம் மக்கள் ஏ.ஜி. ஆபீஸ் என்றே வழங்குவார்கள். அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று எனக்கும் முன்பு தெரியாது. கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

ஓர் அரசாங்கத்தில் பணம் பல வழிகளில் வருகிறது. வரி, தீர்வை, கட்டணம் என்று வருவதெல்லாம் கருவூலங்களில் சேர்கிறது. சம்பளம், பாலம், பள்ளி, மருத்துவமனை என்று பல வழிகளில் போகிறது. போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு சீட்டு இருக்கவேண்டும். கருவூலங்கள் இந்தச் சீட்டுகளையும் கணக்குகளையும் மாதந்தோறும் ஏ.ஜி. அலுவலகத்திற்கு அனுப்புகின்றன. அங்கே அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். இந்தச் செலவுக்கு உரிய அதிகாரி அனுமதி கொடுத்தாரா? வரவு செலவுத் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்கப்பட்டதா? விதிப்படி செலவிடப்பட்டதா? கூட்டல் சரியாக இருக்கிறதா? ஏதேனும் ஒன்றுக்கு விடை இல்லையென்றால் தணிக்கைத் தடை எழுப்பப்படும். செலவு செய்தவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இராமன் காலத்தில் கணக்கு எழுதுவதும் தணிக்கை செய்வதும் ஒரே துறையின் பொறுப்பாக இருந்தன. அன்று அந்த அதிகாரிகள் அந்நிய அரசுக்குக் கணக்குக் காட்டினார்கள். விடுதலைக்குப் பின் நம் அரசியலமைப்புச் சட்டம் 148-ஆம் பிரிவில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்னும் உயர் பதவியை அமைத்தது. அவருடைய அறிக்கைகள் நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் செல்கின்றன. அங்கே பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராய்கிறது. ஆகவே இன்று அந்தக் கணக்கு, வரி கொடுக்கும் மக்களாகிய நமக்கே காட்டப்படும் கணக்கு. பள்ளிக் கட்டடத்திற்கு ஒதுக்கிய பணம் பள்ளிக்கே வந்ததா என்று கேட்கும் வேலையை வெறும் கூட்டல் கழித்தல் என்று சொல்லலாமா?

இரண்டு வாழ்க்கைகள்

கல்கத்தாவில் ஒருநாள் டிராமில் சென்றுகொண்டிருந்த இராமன், பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகையைக் கண்டார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெரியார் 1876-இல் நிறுவிய ஆராய்ச்சிக் கழகம் அது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. இராமன் கதவைத் தட்டினார். அசுதோஷ் டே என்பவர் திறந்தார். நிறுவனரின் மகனார் அமிர்தலால் சர்க்கார், இந்த இளம் அதிகாரியை மகிழ்ச்சியோடு வரவேற்று, எந்த நேரத்திலும் வந்து ஆராய்ச்சி செய்ய அனுமதித்தார்.

அன்று முதல் இராமனுக்கு இரண்டு வாழ்க்கைகள். விடியற்காலையில் எழுந்து ஆய்வுக்கூடம் செல்வார். வீடு திரும்பி அவசர அவசரமாகக் குளித்து, உண்டு, அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் மீண்டும் ஆய்வுக்கூடம். இரவு வெகுநேரம் கழித்தே வீடு. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. இந்த ஒழுங்கை எல்லாம் உலோகசுந்தரி அம்மையார் பொறுமையோடு தாங்கிக்கொண்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இவ்வாறு இருக்கையில் 1909-இல் அவரை இரங்கூனுக்கு மாற்றினார்கள். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே அவர் நாணய அதிகாரி. இன்று ரூபாய்த் தாள்களை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. ஆனால் அந்த வங்கி 1935-இல்தான் தோன்றியது. அதற்குமுன் 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கமே தாள் பணத்தை வெளியிட்டது. அதற்கென அமைந்த நாணய வட்டங்களில் இரங்கூனும் ஒன்று. தாளைக் கொண்டு வருபவருக்கு அதன் மதிப்பு தவறாமல் கிடைக்கவேண்டும். கையிருப்பில் ஒரு காசும் குறையக்கூடாது. இருபது வயது இளைஞரின் தோளில் எத்தனை பெரிய பொறுப்பு!

தந்தையார் நோயுற்று மறைந்ததால் இராமன் சென்னைக்கு வர நேர்ந்தது. அந்தத் துயரமான விடுப்புக் காலத்திலும் தாம் படித்த மாநிலக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று ஆராய்ச்சி செய்தார். பிறகு 1910-இல் நாகபுரிக்கு மாற்றம். 1911-இல் மீண்டும் கல்கத்தா. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் கருவிகளை விட்டுப் பிரியவேண்டும். ஆனால் அலுவலக வேலையில் அவர் குறை வைத்ததில்லை. திறமையான அதிகாரி என்று மேலதிகாரிகள் மதித்தனர். அந்தப் பத்து ஆண்டுகளில் அலுவலகப் பணிக்கு இடையிலேயே அவர் சுமார் முப்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். வீணை, வயலின், மிருதங்கம் முதலிய இசைக்கருவிகளின் ஒலியை ஆராய்ந்தது இக்காலத்தில் தொடங்கிய பணியே.

முத்துக்காக அனைத்தையும் விற்றவர்

புனித மத்தேயு யார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அவர் கப்பர்நாகூமில் சுங்கச்சாவடியில் அமர்ந்து வரி தண்டியவர். ஆண்டவர் அழைத்ததும் எழுந்து பின்சென்றவர். இன்றும் கணக்கர்களுக்கும் வரித்துறையினருக்கும் அவரே பாதுகாவலர். ஒரு விலையுயர்ந்த முத்தைக் கண்ட வணிகர் தமக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்கிய உவமை, நான்கு நற்செய்திகளுள் மத்தேயு நற்செய்தியில் மட்டுமே இருக்கிறது. முத்துக்கரையில் வளர்ந்த நமக்கு அந்த உவமை நெருக்கமானது. இராமனின் வாழ்வில் 1917-ஆம் ஆண்டைப் படித்தபோது எனக்கு இந்த உவமையே நினைவுக்கு வந்தது.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சர் அசுதோஷ் முகர்ஜி, புதிதாக ஏற்பட்ட பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு இராமனை அழைத்தார். ஆனால் அதில் இரண்டு இடர்கள் இருந்தன. பேராசிரியராக வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெறவேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவிலேயே கற்றுத் தேறிய இராமன் அதற்கு இசையவில்லை. அவருக்காக நிபந்தனை தளர்த்தப்பட்டது. அடுத்தது சம்பளம். கணக்குத் துறையில் பெற்றதைவிட இது மிகவும் குறைவு. அங்கேயே இருந்திருந்தால் ஆண்டுதோறும் உயர்வு. இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த நிதிப் பதவிகளை அவர் எட்டியிருக்கலாம். ஓய்வூதியமும் உறுதி.

பத்து ஆண்டுகள் பிறர் வரவு செலவைச் சரிபார்த்தவர் அன்று தம் வாழ்க்கையின் வரவு செலவைச் சரிபார்த்தார். பணத்தைக் கூட்டிப் பார்த்தால் நட்டம்தான். ஆனாலும் 1917-இல் பதவியைத் துறந்து பேராசிரியரானார். உறவினர் பலர் வியந்திருப்பார்கள். நம் வீடுகளில் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

ஒரு சிறு வேறுபாடு

1921-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டிற்குச் சென்று, நர்குண்டா என்னும் கப்பலில் இராமன் திரும்பி வந்துகொண்டிருந்தார். கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்று பெரிய விஞ்ஞானியான ராலே பிரபு கூறியிருந்தார். இராமன் தம்மிடமிருந்த சிறிய பட்டகத்தின் வழியாக, வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை! நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று தெளிந்தார். கப்பல் பம்பாயை அடைந்ததும் அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார். பெரியவர் எழுதியது என்பதற்காக எதையும் சரிபார்க்காமல் ஏற்பது தணிக்கை அதிகாரிக்கு வழக்கமில்லை அல்லவா?

அதன்பின் திரவங்களில் ஒளி சிதறுவதை அவரும் மாணவர்களும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1923-இல் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் மிக மங்கலாக வேறொரு நிறம் கலந்திருப்பதைக் கண்டார். நீரில் அழுக்கு இருக்கலாம் என்று எண்ணி, நீரைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்து பார்த்தார்கள். அந்த நிறம் போகவில்லை. மிகச் சிறிய வேறுபாடு. வேறொருவர் என்றால் விட்டிருப்பார். இராமன் விடவில்லை. உள்ளே சென்ற ஒளியும் வெளியே வந்த ஒளியும் ஒத்துப்போகவில்லையென்றால் காரணம் இருக்கத்தான் வேண்டும். பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் காரணம் வெளிப்பட்டது. பொருளின் மூலக்கூறுகளோடு மோதும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது. இதுவே இராமன் விளைவு. 1930 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

கணக்குத் துறையில் ஒரு வழக்கம் உண்டாம். கூட்டலில் ஒரு பைசா வேறுபட்டாலும் அதைத் தள்ளிவிடக் கூடாது. அந்த ஒரு பைசாவுக்குள் பெரிய தவறு மறைந்திருக்கலாம். சிறு வேறுபாட்டையும் தள்ளாத பழக்கம் இராமனுக்குப் பிறவியிலேயே இருந்ததோ, கணக்கு அலுவலகத்தில் வளர்ந்ததோ, அதை அறுதியிட நான் யார்? ஆனால் அந்தப் பத்து ஆண்டுகள் வீண் என்று மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

முத்தையும் ஆராய்ந்தார்

பின்னாளில் இராமன் பெங்களூரில் வாழ்ந்தார். 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1948-இல் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1954-இல் பாரத ரத்னா விருது அவரை அலங்கரித்தது. அதே 1954-இல் அவர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி நம் ஊருக்கு நெருக்கமானது. முத்துக்கு அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே அது! மணலோ வேறெதுவோ உள்ளே உறுத்த, சிப்பி சுண்ணாம்புப் பொருளை மிக மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போகிறது. ஓர் அடுக்கில் ஒளி இல்லை. பல நூறு அடுக்குகள் சேரும்போதே முத்து ஒளிர்கிறது. 1970 நவம்பர் 21-ஆம் நாள் இராமன் மறைந்தார்.

நேர்மையான கணக்கில் வரவு மட்டுமன்றி செலவும் இருக்கவேண்டும். ஆகவே பெண்களாகிய நாம் அறியவேண்டிய ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். 1933-இல் கமலா பகவத் என்னும் மாணவி இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக இராமன் மறுத்துவிட்டார். அந்தப் பெண் கலங்கவில்லை. நேரில் வந்து உறுதியோடு வாதாடி, கடுமையான நிபந்தனைகளின்பேரில் இடம் பெற்றார். அவருடைய உழைப்பைக் கண்டபின் இராமன் மனம் மாறினார். கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர் 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். 1940-இல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்னா மணி வானிலைத் துறையில் புகழ் பெற்றார். தவறான பதிவைத் திருத்தி எழுதுவதும் நல்ல கணக்கரின் குணமே.

அண்ணன் காட்டிய வழி

இவ்வளவும் படித்தபின் எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. கணக்குத் துறைக்குப் பெருமை தேடிப் போன நான், அத்துறையை விட்டு வெளியேறியவரை அல்லவா கண்டேன்! தோழியர் மேலும் சிரிப்பார்களே!

விடை அண்ணன் சுப்பிரமணிய ஐயரிடம் இருந்தது. தம்பி வெளியேறினார், அண்ணன் வெளியேறவில்லை. இரயில்வேக் கணக்குத் தணிக்கையில் இலாகூர் முதலிய ஊர்களில் பணியாற்றினார். கர்நாடக இசையைக் கற்று, அதன் இலக்கணம் பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். 1910-இல் இலாகூரில் அவருக்குப் பிறந்த மகன்தான் விண்மீன்களை ஆராய்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்! ஒரு கணக்குத் துறைக் குடும்பத்திலிருந்து இரண்டு நோபல் பரிசுகள். அண்ணனின் பெயர் புத்தகங்களில் அதிகம் இல்லை. ஆனால் அவர் பார்த்த கணக்குகளால் எத்தனையோ இடங்களில் பொதுப்பணம் வீணாகாமல் காக்கப்பட்டிருக்கும்.

எனக்குப் புரிந்தது இதுதான். எல்லோருக்கும் ஒரே முத்து இல்லை. இராமனுடைய முத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதற்காக அவர் பதவியை விற்றார். வேறொருவருடைய முத்து கணக்கேட்டிலேயே இருக்கலாம். பிறர் சிரிப்பார்கள் என்று முத்தை விட்டுவிடுவதுதான் தவறு. முத்து இன்னும் கைக்கு வராத நாளில், கிடைத்த வேலையை அரைமனத்தோடு செய்வதும் தவறு. பதினெட்டு வயதில் இராமன் தாம் விரும்பாத கதவு வழியே நுழைந்தார். ஆனாலும் உள்ளே சென்றபின் முழுமனத்தோடு உழைத்தார்.

இந்தப் பணியில் சேர விரும்பும் தோழியருக்கு வழி திறந்தே இருக்கிறது. பட்டம் பெற்றபின் மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வெழுதி இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணிக்குச் செல்லலாம். அதில் தேறியவர்களுக்குச் சிம்லாவில் பயிற்சி உண்டு. பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி ஏ.ஜி. அலுவலகங்களில் தணிக்கையாளராகலாம். நம் மாநிலத் தேர்வாணையத்தின் வழியே கருவூலத் துறையிலும் உள்ளாட்சித் தணிக்கைத் துறையிலும் சேரலாம். இயற்பியல் படித்தவர் முதலிடம் பெற்ற துறை இது. ஆகவே எந்தப் பாடம் படித்தவருக்கும் இங்கே இடமுண்டு. அன்று பெண்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. இன்று தடையில்லை.

நம் துறைமுகத்தில் நாள்தோறும் கப்பல்கள் வருகின்றன. சுங்கவரி கட்டப்படுகிறது, சாலை போடப்படுகிறது, மீனவர்க்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. அன்று கடற்கரையில் மூன்று குவியலாகப் பிரித்தபோது குளியாளின் பங்கு குறையாமல் பார்த்தாரே ஒரு கணக்கர், அவரைப் போன்ற ஒருவர் இன்றும் வேண்டும். ஏழையின் பங்கு ஏழைக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பது ஆண்டவருக்கு உகந்த பணியேயாகும்.

அடுத்த ஆண்டு நான் வணிகவியல் பிரிவில் சேர முடிவு செய்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொண்டார்கள். அறிவியல் பிரிவுக்குச் செல்லும் என் தோழியரை நான் வாழ்த்துகிறேன். அவர்கள் இராமனைப்போல் கடலின் நீலத்தை ஆராயட்டும். நானோ அந்தக் கடலில் வந்து இறங்கும் செல்வத்திற்குக் கணக்கு எழுதுவேன். அடுக்கு அடுக்காக வளர்ந்தே முத்து ஒளி பெறுகிறது. நாமும் நாள்தோறும் செய்யும் சிறு கடமையில் உண்மையாக இருப்போம். பனிமய அன்னை நமக்குத் துணை நிற்பாராக!

பத்தாம் வகுப்பு மாணவி